நெற்றிப்பொட்டில் லாவெண்டர்

மகளின் நெற்றியில் கை வைத்த ருக்மணி, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து இறங்காத காய்ச்சல்.

மேலடுக்கிலிருந்து அந்தச் சின்னக் குப்பியை எடுத்தாள். லாவெண்டர் எண்ணெய். மலாயாவின் மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரம்மா, போகிறபோது அவள் கையில் திணித்தது.

ருக்மணி ஆயாவாக இருந்த அந்த பங்களாவில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தலைவலியா, பொட்டில் தடவு. கொசு கடித்ததா, அதையே தடவு. பிள்ளை தூங்கவில்லையா, தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விடு.

தேங்காயெண்ணெயில் கலந்து சிவகாமியின் நெற்றிப்பொட்டில் மெல்லத் தேய்த்தாள்.

வெளியே மலாக்காவின் காஜா பேராங் வெயில் தகரக்கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே பங்களா வாசம் நிறைந்தது.

சிவகாமி அந்த பங்களா வாசலை மிதித்ததுகூட இல்லை. நாலு வயதுக் குழந்தை. இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது.

முனகல் அடங்கியது. மூச்சு சீரானது. ருக்மணிக்கு அப்பாடா என்றிருந்தது.

குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

“ருக்கூ, வேர் இஸ் மம்மி?”

ருக்மணி எண்ணெய்க் கையோடு பின்னால் நகர்ந்தாள்.

அவளை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒரு வாய்தான். வெள்ளைக்காரம்மாவின் மகன். அவனும் இப்படித்தான் காய்ச்சலில் கிடந்தான், இவள் மடியில். வெள்ளைக்காரம்மா கப்பலேறியபோது அவளோடு யாருமில்லை. பையன் மலாக்காவிலேயே தங்கிவிட்டான், கல்லறைத் தோட்டத்தில்.

குழந்தை பதிலுக்குக் காத்திருந்தது. உதடு பிதுங்கியது.

ருக்மணிக்குப் பயம் போய்ப் பாவமாகிவிட்டது. எந்தப் பிள்ளை என்று பார்க்கவா தோன்றும்? வாரி மடியில் போட்டுக்கொண்டாள். மம்மி வந்துவிடுவாள், அதுவரை என்னோடு இரு என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்லி, முதுகைத் தட்டித் தூங்கவைத்தாள்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது. குழந்தை எழுந்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்த தியாகு சைக்கிளை நிறுத்தும்போதே கூப்பிட்டான்.

“சிவகாமி!”

திரும்பவில்லை. உள்ளே வந்து மறுபடியும் கூப்பிட்டான். பக்கத்தில் குனிந்தும் கூப்பிட்டான். தீப்பெட்டி மேல் தீப்பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் பிள்ளைக்குக் காது போய்விட்டதோ என்று பதறி மனைவியைப் பார்த்தான்.

காது நன்றாகத்தான் கேட்கிறது என்று ருக்மணிக்குத் தெரியும். எந்தப் பெயரைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும் என்பதும் தெரியும்.

அவள் வாயைத் திறக்கவில்லை.