படகு வாடகை முந்நூறு

"ஒரே ஒரு பொய் பில் குடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கம்பெனி டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. கத்தரி சார் அவரிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கத்தரி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அந்தப் பூட்டுக் கம்பெனி வைத்தது. வெளியூர் போய் வருகிறவர்கள் நீட்டும் செலவு பில்களைச் சரிபார்த்து வெட்டுவதுதான் அவர் வேலை. காபி ரசீதைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஜெனரல் மேனேஜரின் பில் மட்டும் ஒட்டிய கவரில் நேராக முதலாளியம்மாவுக்குப் போய்விடும். மற்ற எல்லாமே இவர் மேஜையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"நான் ஒரு பொய் பில்லைப் பிடிச்சுப் பதினோரு மாசம் ஆச்சு. எல்லாரும் திருந்தித் தொலைச்சுட்டாங்க, பாவிங்க!"

"நல்லதுதானே சார்?"

"என்னத்த நல்லது? 'தப்பே நடக்காத இடத்துல உங்க செக்‌ஷன் எதுக்கு? வெள்ளிக்கிழமையோட மூடிடலாம், நீங்களும் வீட்டுக்குப் போகலாம்'னு ஜி.எம். சொல்லிட்டார்."

"வீட்ல நிம்மதியா இருங்களேன் சார்."

"நிம்மதியா? வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? 'நாள் முழுக்க வீட்ல உக்காந்து என் சமையல்கட்டுக் கணக்கைக் குடையறதா இருந்தா, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்'னுட்டா. பெட்டியைப் பரண்லேருந்து இறக்கித் துடைச்சே வெச்சுட்டாய்யா!"

முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம், வீட்டிலும் அவர் துருவிக் கேட்ட ஒரு சோப்பு ரசீதில் ஆட்டம் கண்டிருந்தது. அவளை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை.

"எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லையே சார். போன மாசம் டயருக்குக் காத்தடிச்ச பில்லுக்கே, 'காத்தை எடை போட்ட சீட்டு எங்கே?'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புனீங்க."

"அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப எழுதுங்க. நாப்பது கிலோமீட்டரை நானூறுன்னு போடுங்க."

"மீட்டர் காட்டிக் குடுத்துடுமே சார்."

"காட்டிக் குடுக்கணும்யா! அதுக்குத்தானே எழுதறோம்!"

"மாட்டிக்கிட்டா என் வேலை என்னாகும்?"

"முதல் தடவைக்கு எச்சரிக்கைக் கடிதம்தான். நல்ல தாள்ல நானே அழகா டைப் அடிச்சுத் தரேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். சுற்றும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"நம்ம மேற்குக் கிளைக்கு வண்டி கொண்டு போவேன் இல்லையா? அங்கே ஆத்தைத் தாண்ட, படகு வாடகை முந்நூறுன்னு போடட்டுமா?"

கத்தரி சார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். மேற்குக் கிளை இருப்பது பொட்டல் காட்டில். குடிக்கிற தண்ணீரே லாரியில்தான் வருகிறது. பத்து ஊர் தாண்டினாலும் அங்கே ஆறு கிடையாது.

"பிரமாதம்! எப்படிய்யா இப்படி ஒரு பச்சைப் பொய் தோணுச்சு உங்களுக்கு?"

"சும்மா வாய்ல வந்தது சார்," என்றார் டிரைவர் அடக்கமாக. "ஜி.எம். கையிலேயே நேராக் குடுங்க. அப்பதான் மதிப்பு."

வெள்ளிக்கிழமை காலை. ஜி.எம். மேஜையில், செக்‌ஷனை மூடும் உத்தரவு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கத்தரி சார் படகு பில்லை அதன் மேலேயே வைத்தார்.

"பாருங்க சார்! ஆறே இல்லாத ஊர்ல படகாம்! நான் இல்லேன்னா இது பாஸாகியிருக்கும்!"

ஜி.எம். பில்லைப் படித்தார். அடியில் இருந்த டிரைவரின் கையெழுத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"உட்காருங்க," என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. "உங்களை மாதிரி ஒருத்தர் இல்லாம கம்பெனி எப்படி நடக்கும்? செக்‌ஷனை மூடறதாவது!"

உத்தரவு நான்காகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது.

கத்தரி சாருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. "டிரைவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அடிச்சுக் கொண்டு வரேன் சார்."

"கடிதம் கிடிதம் எல்லாம் வேணாம்! அந்த முந்நூறைக் குடுத்துடுங்க."

"அங்கே ஆறே இல்லையே சார்?"

"அதனால என்னய்யா? படகு இருந்திருக்கலாம் இல்லையா?"

கத்தரி சார் வெளியே வந்தார். முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டு, "பெட்டியைப் பரண்ல ஏத்திடும்மா" என்றார். அடுத்த நிமிஷம், கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் ஓடினார்.

"உங்க படகு என்னைக் கரையேத்திடுச்சுய்யா! ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. பொய்னு தெரிஞ்சும் அந்த முந்நூறைக் குடுக்கச் சொல்றாரே, ஏன்?"

டிரைவர் ஈரத்துணியை உதறிக் கதவில் காயப்போட்டார்.

"மூணு வருஷமா இந்தப் பின்சீட்ல உக்காந்து, அதே படகுக்கு மாசாமாசம் அவர் பில் எழுதறார் சார், ஒரு டயர்கூட நனையாம அவரை அந்த ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறது நான்தானே?"