அரை நிமிஷம் தாமதம்

"நம்ம கூரைல பிடிக்கிற குரல் நம்ம சமையலறைக்கு வர அரை நிமிஷமா? நடந்தா வருது?" என்றாள் லோர்னா.

"இன்டர்நெட்ல ஊரெல்லாம் சுத்திட்டுத்தானே உன் போனுக்கு வருது. நீ என்ன, பையனுக்கு வழியா சொல்லப்போற?" என்றபடி டெல்வின் ஆன்டெனாவை இறுக்கக் கூரைமேல் ஏறினான்.

ஊர்க்கோடி விமான நிலையத்தில் விமானிகள் பேசுவதைப் பிடித்து ஒலிபரப்ப, பரணில் ரேடியோ வைத்திருந்தான். உலகம் முழுக்க நான்கு பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் இந்த வீட்டில்.

மகன் கர்டிஸ் முதல்முறையாகத் தனியாக விமானம் ஓட்டும் நாள். பத்திரமாக இறங்கியதும் விமானிகள் வழக்கப்படி பயிற்சியாளர் சட்டையின் பின்பக்கத்தை வெட்டிவிடுவார் என்று, லோர்னா பழைய சட்டையாகப் பார்த்துக் கொடுத்திருந்தாள்.

போன் கரகரத்தது.

"டெல்வின்! நம்ம பையன் பேசறான்! எறங்கப் போறானாம்!"

ஜன்னலருகே போய் மறுபடி கத்தினாள்.

"குரல்ல நடுக்கமே இல்லய்யா, உன்னை மாதிரியா!"

போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். டெல்வின் கூரை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஆன்டெனாவிலிருந்து பிடுங்கிய வயர் தொங்கியது.

"பாவி, இப்பவா பிடுங்குவ? ஆனா இன்னும் கேக்குதே?"

"நீ கேக்கக் கூடாதுன்னுதான் பிடுங்கினேன். அதுக்கு முன்னாடியே எல்லாம் போயிடுச்சு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. மக்காச்சோள வயலுக்கு அப்பால், ஓடுபாதைப் பக்கம், கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

போனுக்குள் கர்டிஸ் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தான்.