அருணகிரியின் பங்குகள்

"பங்குக்கு நூறு ரூபாய் தர்றேன். இப்பவே தர்றேன்," என்றார் கோபால்சாமி.

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெட்ராஸ் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் ஜீப்பைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு, வேகாத வெயிலில் மலையேறி வந்து, போணியாகாத காகிதத்துக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதி விற்கிற கம்பெனி அது. அங்கே கணக்கு எழுதும் மகன் அருணகிரி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா பெயரில் பங்கு வாங்கியிருந்தான். வருகிற தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுக்க அதை விற்கலாம் என்று தீர்த்தகிரி போன வாரம் போளூருக்குப் போனார்.

அங்கே புளி வியாபாரி பேப்பரை விரித்துக் காட்டினார். "கம்பெனி கணக்குல தில்லுமுல்லாம். உன் பங்கு ரெண்டு ரூபாய்க்குக்கூட போவாது, போ."

ரெண்டு ரூபாய்க்குப் போகாததற்கு நூறா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தீர்த்தகிரி முடிவே கட்டிவிட்டார்.

அப்போது ஈரத் தலையோடு மனைவி மாதம்மாள் வந்தாள். ஊர்க்கோடி முனியனின் அம்மா செத்த வீட்டுக்குப் போயிருந்தவள், குளித்துவிட்டு வருகிறாள்.

"இன்னா, சீக்கிரமே வந்துட்டே? வூட்டுக்கு வூடு நின்னு, போய்ட்டு வர்றேன் போய்ட்டு வர்றேன்னு பொழுதை ஓட்டுவியே?" என்று கேலி செய்தார் தீர்த்தகிரி.

"அட, நீங்க ஒண்ணு. சாவு வூட்டுல யாராச்சும் போய்ட்டு வர்றேன்னு சொல்லுவாங்களா? வாயைத் தொறக்காம, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

வந்திருப்பவர் மகனின் ஆபீஸ்காரர் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள். கோபால்சாமி செம்பைத் தொடவில்லை.

"எம்புள்ள எப்படி சார் இருக்கான்? லெட்டரே காணோமே?"

"வர்றாரும்மா. பின்னால வேன்ல கூட்டிட்டு வர்றாங்க."

"இன்னிக்கா! முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" மாதம்மாள் சாமைச் சோறு வடிக்க உள்ளே ஓடினாள். பெற்ற வயிறு.

தீர்த்தகிரி விடவில்லை. "சார், புளியமரத்தைக் குத்தகை எடுக்கறவன்கூட கெளையை உலுக்கிப் பாத்துத்தான் வெல சொல்லுவான். நீங்க இன்னாத்தை உலுக்கிப் பாத்து நூறுன்றீங்க?"

கோபால்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விக்காத புரோகிராமை வித்ததா எழுதச் சொன்னோம். உங்க மகன் முடியாதுன்னுட்டார். நாங்களே எழுதினோம். மாட்டிக்கிட்டதும் பழியை அவர் மேல போட்டுட்டோம். அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க ஐயா."

தீர்த்தகிரிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் மகனை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

"எம்புள்ள பொய்க்கணக்கு எழுத மாட்டான்னு எனக்கு நீங்க சொல்லணுமா? காயே இல்லாத மரத்துக்குக் காசு வாங்கினா அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உங்க நூறு ரூபாய் வேணாம். அவன் வரட்டும். அவன் இன்னா வெல சொல்றானோ, அந்த வெலைக்குத் தர்றேன்."

கோபால்சாமி சட்டென்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சரிவில் விடுவிடுவென்று இறங்கினார்.

"இன்னா சார்! வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிக்காம போறீங்களே?" என்று கத்தினார் தீர்த்தகிரி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வளைவில் வேன் ஏறி வரும் சத்தம் கேட்டது.

கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்த மாதம்மாள், அவர் போவதையே பார்த்தாள். தொடாத மோரைப் பார்த்தாள். பிறகு புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முனியன் வூட்டுல இருந்து இப்படித்தாங்க வந்தேன்!"