நான்காவது துப்பு

கடைசிப் பக்கத்தைப் புரட்டும் முன்பே அப்பா கொலைகாரனைப் பிடித்துவிட்டார்.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். மகள் எழுதும் மர்மக் கதைகளுக்கு அவர்தான் முதல் வாசகர். எழுத்துப்பிழையைக்கூட மன்னித்துவிடுவார். துப்பைக் காட்டாமல் மறைத்து வாசகனை ஏமாற்றினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

"மூணு துப்பு வச்சிருக்கேன்பா. மூணும் கண்ணெதிர்லயேதான் இருக்கு."

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்த மகள், எதிர் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மூன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார். மழையில்லாத நாளில் ஈரக் குடை. ஒருத்தி தனியாக இருந்த வீட்டில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள். யாரும் கேட்காமலே தோட்டக்காரன் சொன்ன மணி.

நியாயமான கதை. மனசுக்குள் அவளுக்கு ஒரு சபாஷ் போட்டார்.

பிறகு, பழக்கதோஷம், பிழை பார்க்க முதலிலிருந்து வந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி.

'பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே, அன்றைக்கு எந்தெந்தப் பாத்திரங்களைச் சமையல் மேடையிலிருந்து எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.'

கொலைக்கும் அந்த வரிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் வைத்த துப்பும் இல்லை அது. தானாக வந்து விழுந்திருக்கிறது.

உட்கார்ந்து யோசித்து இதை எழுத முடியாது. எத்தனை ஆயிரம் பக்கம் படித்தவர், அது தெரியாதா?

பேனா நின்ற இடத்தை மகளும் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"அந்த வரி வேண்டாம்பா. அடிச்சிடுங்க."

அவருக்குக் கை வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கையில் பெட்டியோடு வந்து நின்று, எதையும் ஒளிக்காமல், புருஷன் வீட்டில் நடப்பதையெல்லாம் அவள் நேராகவே சொன்னாள். குடும்பம் என்றால் முன்னே பின்னேதான் இருக்கும் என்று சமாதானம் சொல்லி, சாயங்கால பஸ்ஸில் அவளைத் திருப்பி ஏற்றிவிட்டவர் அவர்தான்.

அதற்கு அடுத்த மாதம்தான், திருத்தித் தரச் சொல்லி, தன் முதல் கதையை அவள் அவருக்கு அனுப்பினாள்.