கார்டு மாறும்போது

பேஸ் கிட்டார் மாஸ்டருக்கு இப்படி ஒரு மாணவர் வாய்த்ததே இல்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். விரல் இன்னும் கம்பியில் சரியாகப் பதியவில்லை. ஆனால் மனதில் தோன்றியதை வாசிக்கச் சொன்னால் வெளுத்து வாங்கினார்.

“கார்டுங்கிறது மூணு நாலு சுரம் ஒண்ணா ஒலிக்கிற கூட்டணி, சார். அது மாறினா நீங்களும் கூடவே மாறிடணும். பழசையே பிடிச்சுட்டுத் தொங்கினா கேட்கிறவங்களுக்குக் காது வலிக்கும்.”

“மாறிட்டாப் போச்சு, மாஸ்டர்.”

மாஸ்டர் கீபோர்டில் சொல்லாமல் கொள்ளாமல் கார்டை மாற்றினார். மாணவர் அசராமல் கூடவே தாவினார். ஓரிடத்தில் அபசுரம் விழுந்தது. மற்றவர்கள் என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தியிருப்பார்கள். இவரோ அதே தப்பை இன்னும் அழுத்தித் திரும்பத் திரும்ப வாசித்தார். கடைசியில் அது வேண்டுமென்றே வாசித்தது போலவே ஆகிவிட்டது.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. “இந்த வித்தை பிடிபடறதுக்குள்ள எனக்குப் பாதித் தலை நரைச்சுப் போச்சு. நீங்க முன்னாடி யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“யார்கிட்டயும் இல்ல, மாஸ்டர். பொழப்பே அதுதான்.”

கதவைத் தள்ளிக்கொண்டு மாணவருடைய உதவியாளர் ஓடிவந்தார். “ஐயா, டிவி விவாதத்துக்கு அவசரமா கூப்பிடறாங்க. கட்சி சார்பா நீங்கதான் பேசணுமாம். தலைவர் மத்தியானம் மறுபடியும் அணி மாறிட்டாரு.”

மாணவர் பதறவில்லை. கிட்டாரைப் பதமாகச் சுவரில் சாய்த்தார்.

“இப்ப எந்தக் கூட்டணியில இருக்கோம்? அத மட்டும் சொல்லு. மிச்சத்த அங்க போய் வாசிச்சுக்கறேன்.”