பெயர்கள் ஓடி முடியும் வரை

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரப் பேரங்காடித் திரையரங்கில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். திரையில் இன்னும் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடு வரிசையில் மாரிவிக் மட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பன்றித்தோல் வறுவல். பக்கத்து இருக்கையில் கைப்பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு நாவல். அதன் இன்னொரு பிரதி எங்கோ கடலில், கப்பல் எஞ்சின் அறையில் வேலை செய்யும் அவள் கணவன் ரொடெலின் தலைமாட்டில் கிடக்கிறது. ஆளுக்கொரு அத்தியாயமாகப் போனில் வாசிப்பார்கள்; ஒருவர் முந்தக்கூடாது என்பது பேச்சு. சிக்னல் இல்லாத வாரத்தில் அவன் கடைசிப் பக்கம் வரை போய்விட்டான். நேற்று வாய்தவறி, "அந்தத் தங்கச்சி செத்தப்போ எனக்கே அழுகை வந்துடுச்சு" என்றான். மாரிவிக் வாசித்த பக்கம் வரை அந்தத் தங்கச்சி அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள். துடைப்பத்தோடு வந்த பெண் அவளருகே நிற்கிறாள். "அக்கா, படம் முடிஞ்சிடுச்சு." "இல்லையே, பேரெல்லாம் ஓடினப்புறம் ஒரு துண்டுக் காட்சி வரும்." "அட! இந்தப் பறக்குற வீரன் படப் பைத்தியம் உங்களுக்குமா? யாரு பழக்கிவிட்டது?" "எங்க வீட்டுக்காரர்." "அவர் எங்க, காணோம்?" மாரிவிக் பதில் சொல்வதற்குள் மடியில் போன் ஒளிர்கிறது. ரொடெல்தான். 'நம்ம படம் அங்க போட்டுட்டாங்களா? அடுத்த வாரம் கப்பல்ல இருந்து இறங்கிடுவேன். சேர்ந்து பாக்கலாம். முந்திடாத.' பெயர்கள் நிற்கின்றன. திரையில் செத்துக் கிடந்த வீரன் மெல்லக் கண் திறக்கிறான். அவள் அதைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, எண்ணெய்ப் பிசுக்கு விரலால், 'இன்னும் வரல' என்று தட்டிக்கொண்டிருக்கிறாள்.