தன்னையும் விடாதது

இந்தோனேசியாவின் பாண்டுங் நகர அலுவலகத்தில் டாடாங் ப்ராஜெக்ட்டை அமைத்து, பிழைகளை நீக்கி, ஒருவழியாகச் செயலியை உருவாக்கினான். ஆனால் அதைத் திறந்ததும் செயலியே காணாமல் போனது. மறுபடி உருவாக்கித் திறந்தான், மறுபடியும் மாயம்.

"விளையாடறியா? இதை வாங்க வந்தவங்க பக்கத்து ரூம்ல உக்காந்திருக்காங்கய்யா!" என்று முதலாளி பாக் ஹெர்மான் எகிறினார்.

"சத்தியமா நான் அழிக்கல, ஐயா! நீங்களே பாருங்க."

அவர் கண்ணெதிரே திறந்தான். 'ஆபத்தான கோப்பு அழிக்கப்பட்டது' என்று திரையில் ஒரு வரி மின்னியது. செயலியைக் காணோம்.

டாடாங்குக்கு வியர்த்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தான். முதலாளியோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குள் நுழைந்தார்.

"எங்க வைரஸ் ஒழிப்பான் அவ்வளவு கறாருங்க! சந்தேகம் வந்தா தன்னையே விட்டுவைக்காது!"